இரவு பத்து மணிக்கு 'தேன் இருக்கா அக்கா?'... சின்னக் கடைக்குத் தூரத்திலிருந்து ஓர் உதவிக் கை!

இரவு ஒன்பதரை மணி. கச்சிராயபாளையம் கடைவீதியில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. அரவை சீசன் என்றால், கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களின் சத்தம் மட்டும் மிச்சமிருக்கும்.

இந்த வீதியில் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் தேன், சாமை, தினை, புளி, கடுக்காய் விற்கும் சின்னக் கடை. கணவர் மலைக்குப் போய் சரக்கு எடுத்து வருகிறார். மனைவி கடையைப் பார்த்துக்கொள்கிறார். கடை சாத்தி, வீட்டுக்கு வந்து, பிள்ளைகளைச் சாப்பிட வைத்து, கடைசியாக அவர் போனைக் கையில் எடுக்கும்போது வாட்ஸ்அப்பில் 43 மெசேஜ்கள் காத்திருக்கின்றன.

"அக்கா, தேன் அரைக் கிலோ என்ன விலை?"

"நேத்து போட்ட ஆர்டர் அனுப்பிட்டீங்களா?"

"ஹாய்."

"மேடம், பெங்களூருக்கு கூரியர் உண்டா?"

நடுவில் ரோஜாப்பூ போட்ட ஒரு குட் நைட் படம். அப்புறம் இன்னொரு "ஹாய்."

எல்லாவற்றுக்கும் பதில் போட்டு முடிக்கும்போது மணி பதினொன்றரை. பெங்களூருக்காரர் அதற்குள் வேறு கடையில் ஆர்டர் போட்டிருப்பார்.

கடை கற்பனைதான். ஆனால் மசாலாப் பொடி அரைப்பவர், ஆரி வேலை செய்பவர், வீட்டிலிருந்து கேக் செய்து கொடுப்பவர் என்று போனில் வியாபாரம் செய்யும் யாரைக் கேட்டாலும் இந்த இரவு நேரத்துக் கதையைச் சொல்வார்கள். கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பம் எங்கே இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிவது நல்ல விஷயம். ஆனால், 'இது எத்தனை அடி உயரம், பார்சலில் உடையாமல் வருமா' என்று கேட்கும் மெசேஜுக்கு உளியைக் கீழே வைத்துவிட்டு யார் பதில் போடுவது?

இந்த இடத்தில்தான் 'விர்ச்சுவல் அசிஸ்டென்ட்' வருகிறார். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கடைக்கு நேரில் வராமல், தன் வீட்டிலிருந்தே போன், லேப்டாப் மூலம் உங்கள் அலுவலக வேலைகளைப் பார்த்துக் கொடுக்கும் உதவியாளர். மெசேஜுக்குப் பதில் சொல்வது, ஆர்டரைக் குறித்துவைப்பது, கூரியர் நம்பர் அனுப்புவது, பாக்கி வைத்தவர்களுக்கு நினைவூட்டுவது எல்லாம் இவர் வேலை. இப்போது இதே பெயரில் மனிதர் இல்லாத ஏ.ஐ. செயலிகளும் வந்துவிட்டன. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் மனிதர்கள்.

அமெரிக்காவுக்கு நம்மவர்கள் செய்த வேலை

இந்த வேலையை உலகத்துக்குப் பழக்கியதில் தென்னிந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. பிரஷர் குக்கர் விளம்பரத்தில் நாம் பார்த்த அதே டி.டி.கே. குழுமம், பெங்களூரில் 'யுவர் மேன் இன் இந்தியா' என்று ஒரு சேவை நடத்தியது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக, இங்கே பெற்றோருக்கு பில் கட்டுவது, சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுப்பது மாதிரியான வேலைகளில் ஆரம்பித்தது அது. பின்னர் அதுவே 'கெட் ஃப்ரைடே' என்ற பெயரில், அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத் தூரத்து உதவியாளர்களைத் தரும் நிறுவனமாக வளர்ந்தது.

2005-ல் ஏ.ஜே. ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், 'எஸ்கொயர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பெங்களூரில் இரண்டு நிறுவனங்களிலிருந்து உதவியாளர்களை அமர்த்திக்கொண்டு, தன் வாழ்க்கையையே அவர்களிடம் ஒப்படைத்துப் பார்த்த கதை அது. தகவல் தேடுவதில் தொடங்கி, மேலதிகாரிக்கு மெயில் போடுவது, மனைவியிடம் மன்னிப்புக் கேட்பது, கடைசியில் தனக்குப் பதிலாகக் கவலைப்படுவது வரை போய்விட்டது! 2007-ல் வந்த டிம் ஃபெரிஸின் 'வாரத்துக்கு நான்கு மணி நேர வேலை' புத்தகம் இந்த யோசனையை இன்னும் பலரிடம் கொண்டுபோனது.

படிக்கும்போது சிரிப்பு வரும். அது ஒரு எழுத்தாளரின் விளையாட்டு. ஆனால், மனைவிக்கு மன்னிப்பு மெயில் எழுதிக் கொடுத்தவரும் எங்கோ ஒரு வீட்டின் மகள்தான், மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான் என்பது அந்தச் சிரிப்பில் மறந்துவிடுகிறது.

அதே காலகட்டத்தில் தமிழ்நாட்டில் வேறொன்று நடந்தது. சலோனி மல்ஹோத்ரா என்ற இளம் பொறியாளர், சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவோடு 'தேசிக்ரூ' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்க முடியாத இளைஞர்களின் ஊருக்கே கம்ப்யூட்டர் வேலையைக் கொண்டுபோவதுதான் திட்டம். திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடியில் மையம் வந்தது. தகவல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைகளை உள்ளூர்ப் பிள்ளைகள் செய்தார்கள். அவர்களில் பெண்கள் கணிசமானவர்கள். கிராமத்திலிருந்து இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு அது கண்ணெதிரே இருந்த சாட்சி.

அப்போது வேலை கொடுத்தது பெரிய கம்பெனிகள். இப்போது கச்சிராயபாளையத்துத் தேன் கடையே வேலை கொடுக்கும் இடத்தில் நிற்கிறது. வேலை வாங்குபவரும் செய்பவரும் ஒரே மாவட்டத்துக்காரர்களாக இருக்கலாம். கடைக்கார அக்கா கடைவீதியில், உதவியாளர் சின்னசேலத்திலோ சங்கராபுரத்திலோ தன் வீட்டுத் திண்ணையில். பி.காம் முடித்து, திருமணமாகி, கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு ஆர்டர் வரும் கடைக்கு உதவியாளர் வீண் செலவு. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இருக்கும் வசதிகளை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே போதும். 2018 ஜனவரியில் வந்த அந்தச் செயலி இலவசம். கடை மூடியிருக்கும் நேரத்தில் 'காலை 9 மணிக்குப் பதில் தருகிறோம்' என்று அதுவே பதில் போடும். அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு பதிலைச் சேமித்துவைத்து ஒரே தட்டலில் அனுப்பலாம். பொருட்களின் படம், விலையோடு கேட்டலாக் போடலாம். 'பணம் வந்தது', 'அனுப்பியாச்சு' என்று ஒவ்வொரு கஸ்டமர் மேலும் லேபிள் ஒட்டலாம். பல கடைக்காரர்கள் இன்னமும் சாதாரண வாட்ஸ்அப்பிலேயே, மாமியார் குரூப்புக்கும் பால்காரர் மெசேஜுக்கும் நடுவில் ஆர்டரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் இரவு பதினொன்றரை ஆகிறதா? அப்போது கணக்குப் போடுங்கள். தினமும் 2 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 52 மணி நேரம். அந்த நேரம் கையில் திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள்? கண்காட்சியில் ஸ்டால் போடுவீர்களா, புதிதாக ஒரு பொருளைச் சேர்ப்பீர்களா, அல்லது நிம்மதியாகத் தூங்குவீர்களா? தூக்கத்தையும் தயங்காமல் கணக்கில் சேர்க்கலாம். இதுவரை அந்த 52 மணி நேரத்துக்கு வீட்டுப் பெண்ணுக்கு யாரும் சம்பளம் போட்டதில்லை. அதனால்தான் அது செலவு என்றே தெரியாமல் இருந்தது.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

உதவியாளரை வைத்துக்கொண்டு 'ஒண்ணும் சரியா வரலை' என்று இரண்டே வாரத்தில் நிறுத்துபவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். வேலை முழுக்க முதலாளியின் தலைக்குள் இருக்கிறது. அங்கிருந்து காகிதத்துக்கு வரவே இல்லை.

'தேன் கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லும்மா' என்று சொன்னால் வேலை கொடுத்தாகிவிட்டது என்று நமக்குத் தோன்றும். அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து பாருங்கள். எந்தத் தேன்? கொம்புத் தேனா, பெட்டித் தேனா? கால் கிலோ உண்டா? பாட்டிலா, பிளாஸ்டிக்கா? கூரியர் செலவு விலையில் சேர்ந்ததா, தனியா? உடைந்து போனால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு பாட்டிலா? சென்னைக்கு எத்தனை நாள்? ஒவ்வொன்றுக்கும் அவர் உங்களிடமே கேட்க வேண்டும். கஸ்டமரின் 43 மெசேஜுக்குப் பதிலாக உதவியாளரின் 43 மெசேஜ் உங்கள் போனில் வந்து நிற்கும்.

அதனால் ஆள் தேடுவதற்கு முன்னால் ஒரு வாரம் ஒரு நோட்டு போடுங்கள். வரும் கேள்வியையும் நீங்கள் சொன்ன பதிலையும் அப்படியே எழுதுங்கள். இலக்கணம் வேண்டாம், பேசுகிற மாதிரியே போதும். எழுத நேரமில்லை என்றால் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். வந்து சேரும் உதவியாளரின் முதல் வேலையே அதை எழுத்தாக்குவதாக இருக்கட்டும். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதை ஏழாவது நாள் நீங்களே பார்ப்பீர்கள்.

கேள்விகளில் சில சாதாரணம் இல்லை. தேன் கடையையே எடுத்துக்கொள்வோம்.

மார்கழிக் குளிரில் ஒருவர் போட்டோ அனுப்புகிறார். பாட்டிலின் அடியில் தேன் சர்க்கரை மாதிரி உறைந்திருக்கிறது. "சர்க்கரைப் பாகை ஊத்தி ஏமாத்திட்டீங்களே!" விஷயம் தெரியாத உதவியாளர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, பணத்தையும் திருப்பித் தருவதாகச் சொல்லிவிடுவார். கலப்படம் என்று கடையே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தேனில் இருக்கும் குளுக்கோஸ் குளிரில் படிகமாவது இயல்பு. உறைந்ததை வைத்து மட்டும் கலப்படம் என்று சொல்ல முடியாது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும். இந்த நான்கு வரி நோட்டில் இருந்தால் கடையின் பெயர் தப்பிக்கும்.

இதைவிடப் பெரியது இன்னொன்று. "அக்கா, குழந்தைக்கு ஆறு மாசம் ஆகுது. நாக்குல தேன் தடவலாமா?" பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் ஊர் நம்முடையது. கேட்பவர் சாதாரணமாகத்தான் கேட்பார். விற்கிற ஆர்வத்தில் 'தாராளமா கொடுக்கலாம்ங்க, சுத்தமான மலைத்தேன்' என்று பதில் போனால் அது ஆபத்து. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்பதுதான் மருத்துவர்களின் அறிவுரை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள், முதிராத குடலுக்குள் நஞ்சை உண்டாக்கி, குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடலாம். தேன் எவ்வளவு சுத்தமானது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆக, நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில்: 'ஒரு வயதுக்குள் குழந்தை என்றால், தேன் வேண்டாம் என்று சொல்லவும்.' ஒரு விற்பனை போகும். போகட்டும்.

சர்க்கரை நோய்க்கு சாமை மருந்தா, தேன் மருந்தா என்று கேட்பவர்களும் தினம் வருவார்கள். நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954-லிருந்து இருக்கிறது. 'டாக்டரிடம் கேட்டுக்கோங்க' என்பதுதான் நோட்டில் இருக்க வேண்டிய பதில்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஓர் எல்லைக்கோடும் வேண்டும். எதுவரை உதவியாளரே முடிவெடுக்கலாம்? உதாரணத்துக்கு, 200 ரூபாய்க்குள் இருக்கும் பொருள் உடைந்து போனால் கேட்காமலே மாற்றி அனுப்பலாம். அதற்கு மேல் என்றால் அக்காவிடம் கேட்க வேண்டும். கோபமாகப் பேசும் கஸ்டமர் என்றால் அக்காவே பேசுவார். இந்த எல்லை இல்லையென்றால் உதவியாளர் ஒன்று எல்லாவற்றையும் கேட்பார், இல்லை எதையுமே கேட்க மாட்டார்.

முடிந்தால் ஒரே ஒரு நாள் அவரைக் கடைக்கு வரச் சொல்லுங்கள். பஸ் காசு கொடுங்கள். தினையையும் சாமையையும் கையில் அள்ளிப் பார்க்கட்டும். பெட்டித் தேனையும் மலைத்தேனையும் நாக்கில் வைத்துப் பார்க்கட்டும். பத்துப் பக்கம் எழுதிக் கொடுப்பதில் வராதது அந்த அரை நாளில் வந்துவிடும்.

எந்தச் சாவியைக் கொடுப்பது?

வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கை, போனைத் தவிர இன்னும் 4 சாதனங்களில் இணைத்துக்கொள்ளலாம். போன் உங்களிடமே இருக்கும். உதவியாளர் தன் லேப்டாப்பிலிருந்து பதில் போடலாம். வசதிதான். ஆனால் இணைத்துவிட்டால் அந்த எண்ணில் இருக்கும் உரையாடல்கள் அவர் கண்ணுக்குத் தெரியும். அண்ணன் கடன் கேட்ட மெசேஜ், டாக்டர் ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து. எனவே கடைக்கென்று தனி எண் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஒரு புது சிம், பழைய போன் ஒன்று போதும்.

வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு, ஏ.டி.எம். அட்டை, யு.பி.ஐ. பின் நம்பர், ஓ.டி.பி. இவை நான்கும் யாருக்கும் இல்லை. தங்கமான பெண்ணாக இருந்தாலும் இல்லை. இது அவரை நம்பாததால் அல்ல. நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் முதல் சந்தேகம் அவர் மேல் விழக்கூடாது என்பதற்காகவும்தான்.

பணம் வந்ததா என்று பார்ப்பது யார் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். 'பணம் போட்டாச்சு' என்று போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்பிப் பொருளை வாங்கும் மோசடி எல்லா ஊரிலும் நடக்கிறது. உதவியாளருக்குத் தெரிவது அந்தப் படம் மட்டும்தான். அதனால், 'ஸ்கிரீன்ஷாட் என்பது பணம் அல்ல. அக்கா பார்த்து சரி என்று சொன்ன பிறகே பார்சல்' என்பது விதி. மாலையில் ஒரு முறை, வந்த பணத்தின் பட்டியலை நீங்கள் அனுப்ப, அவர் ஆர்டரோடு பொருத்தி வைக்கட்டும். பத்து நிமிட வேலை. பணத்தை வாங்குவதற்கு பின் நம்பர் போடத் தேவையே இல்லை என்பதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள். 'பணம் அனுப்பியிருக்கேன், பின் போட்டு வாங்கிக்கோங்க' என்று வரும் மெசேஜ் திருட்டு. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

கஸ்டமர்களின் முகவரியும் போன் நம்பரும் உங்கள் சொத்து அல்ல. அவர்கள் உங்களிடம் நம்பிக் கொடுத்தவை. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று 2023-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. முகவரிப் பட்டியலை உதவியாளரின் சொந்தப் போனில் போட்டோ எடுத்து வைக்கும் பழக்கம் வேண்டாம். கடையின் பெயரில் உள்ள ஒரு ஷீட்டிலேயே இருக்கட்டும்.

மெஷின் உதவியாளர்

சாட் ஜி.பி.டி. 2022 நவம்பரில் வந்தது. கூகுளின் ஜெமினி செயலி 2024 ஜூனில் தமிழ் உட்பட 9 இந்திய மொழிகளோடு இந்தியாவுக்கு வந்தது. சம்பளம் வேண்டாம், தூக்கம் வேண்டாம், பண்டிகை லீவு வேண்டாம். பிறகு மனிதர் எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

எழுத்து வேலையில் இவை கெட்டி. நீங்கள் பேசிப் பதிவு செய்த நோட்டை வரிசைப்படுத்திக் கொடுக்கும். பெங்களூர் கஸ்டமருக்கு ஆங்கிலத்தில் பணிவான பதில் எழுதிக் கொடுக்கும். இருபது ஆர்டர் மெசேஜை ஒட்டினால் பெயர், பொருள், எடை என்று அட்டவணையாக்கும். பொங்கலுக்கு என்ன போஸ்ட் போடலாம் என்றால் பத்து யோசனை சொல்லும். அதில் இரண்டு தேறும். ஒட்டுவதற்கு முன் கஸ்டமரின் போன் நம்பரையும் கதவு எண்ணையும் எடுத்துவிடுங்கள்.

ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் இவற்றுக்குக் குறைவு. விலை தெரியாவிட்டால் ஒரு விலையைச் சொல்லும். இல்லாத 'ஃப்ரீ டெலிவரி'யைத் தரும். அதுவும் எவ்வளவு நம்பிக்கையாக!

கனடாவில் இது வழக்கு வரை போனது. பாட்டி இறந்ததற்காக அவசரமாகப் பயணம் செய்த ஒருவர், ஏர் கனடா நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த சாட்பாட்டிடம் துக்கக் கட்டணச் சலுகை பற்றிக் கேட்டார். பயணம் முடித்த பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது. உண்மையில் நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. பணத்தைத் தர மறுத்த நிறுவனம், சாட்பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்கிற மாதிரி வாதம் வைத்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இணையதளத்தில் இருக்கும் தகவல் எதுவானாலும் நிறுவனம்தான் பொறுப்பு என்று சொல்லி, சுமார் 800 கனடிய டாலர் கொடுக்க உத்தரவிட்டது. அது கனடா நாட்டுத் தீர்ப்புதான். ஆனாலும், விமான கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், 'நான் சொல்லலைங்க, ஏ.ஐ. சொல்லிடுச்சு' என்று கடைக்காரர் சொன்னால் எந்தக் கஸ்டமர் கேட்பார்?

ஆறு மாதக் குழந்தையின் அம்மா கேட்ட கேள்வியை மறுபடி நினைத்துப் பாருங்கள். அந்த மாதிரி மெசேஜ் மனிதர் பார்க்காமல் தானாகப் பதில் போகும் வழியில் இருக்கவே கூடாது. மெஷின் எழுதட்டும், உதவியாளர் படித்துத் திருத்தி அனுப்பட்டும். இப்போதைக்கு இந்த ஏற்பாடுதான் சின்னக் கடைக்குச் சரிப்படும்.

அந்தப் பக்கம் இருப்பவர்

வேலைக்கு ஆள் கிடைத்ததும் பலர் செய்யும் தவறு, அவருடைய 24 மணி நேரத்தையும் வாங்கிவிட்டதாக நினைப்பது. உங்கள் இரவு பதினொன்றரையை நீங்கள் இன்னொரு வீட்டுக்கு இடம் மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். காலை 10 முதல் 12, மாலை 5 முதல் 7 என்று நேரம் குறித்துக்கொண்டால், அதற்கு வெளியே வரும் மெசேஜுக்கு வாட்ஸ்அப்பின் தானியங்கிப் பதில் போதும். தேன் வாங்குவதற்கு நடு இரவில் யாருக்கும் அவசரம் இல்லை.

கல்வராயன் மலைக் கிராமங்களில் சிக்னல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. மலையில் இருக்கும் ஒரு பெண்ணை வேலைக்கு எடுப்பது நல்ல விஷயம். ஆனால், மழை பெய்து கரன்ட் போன மாலையில் 'ஏன் பதில் போடலை?' என்று கேட்பதற்கு முன், அப்படி நடந்தால் என்ன செய்வது என்று பேசிவைத்திருக்க வேண்டும். ஒரு போன் கால் செய்து சொன்னால் போதும் என்பது மாதிரி.

சம்பளத் தேதியை எழுதிக் கொடுங்கள். 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்மா' என்பது கடையில் வேலை பார்ப்பவரைவிட வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரிடம்தான் அதிகம் சொல்லப்படுகிறது. அவர் கண் முன்னால் நிற்பதில்லை, அதனால். வேலையைப் பழகும் முதல் வாரத்துக்கும் சம்பளம் உண்டு. 'ட்ரயல்' என்ற பெயரில் பத்து நாள் இலவசமாக வேலை வாங்கி அனுப்பிவிடும் வழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. அது கெட்ட வழக்கம்.

வேலை தேடும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முதலில் 2,000 ரூபாய் கட்டுங்கள்' என்று வரும் மெசேஜை நம்ப வேண்டாம். சம்பளம் கொடுப்பவர்தான் பணம் கொடுக்க வேண்டும், வாங்குபவர் அல்ல. பக்கத்து ஊர்க் கடையில் நேரில் போய்க் கேட்பது இதைவிடப் பாதுகாப்பு. அழகாகத் தமிழ் டைப் செய்யத் தெரியும், ஷீட்டில் கணக்குப் போடத் தெரியும் என்று இரண்டு உதாரணத்தைக் கையோடு எடுத்துப்போனால், பல கடைக்காரர்களுக்குத் தங்களுக்கு இப்படி ஒரு ஆள் தேவை என்பதே அப்போதுதான் தெரியவரும்.

வாரத்துக்கு ஒரு நாள், திங்கட்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடம் போனில் பேசுங்கள். போன வாரம் எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் தவித்தார், எந்தப் பொருளைக் கேட்டு இல்லை என்று சொல்ல நேர்ந்தது? 'அக்கா, இந்த வாரம் மட்டும் ஒன்பது பேர் சாமை அவல் கேட்டாங்க' என்று அவர் சொல்லக்கூடும். கடையில் நிற்பவருக்கு இது தெரிந்திருக்காது.

என்றாவது ஒருநாள் அவர் வேலையை விடுவார். வேறு வேலை கிடைக்கலாம், ஊர் மாறலாம், பரீட்சைக்குப் படிக்கலாம். அன்று போனை எடுத்து, 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் அவருடைய லேப்டாப்பை நீக்குங்கள். ஷீட்டின் அனுமதியை எடுத்துவிடுங்கள். பாக்கிச் சம்பளத்தை அன்றே அனுப்புங்கள். கடையின் லெட்டர்பேடில், எத்தனை மாதம், என்னென்ன வேலை பார்த்தார் என்று நான்கு வரி எழுதி, சீல் வைத்துக் கொடுங்கள். கள்ளக்குறிச்சியிலோ சென்னையிலோ அடுத்த இன்டர்வியூவில், 'முன்அனுபவம் இருக்காம்மா?' என்று கேட்கும்போது, அவர் பையிலிருந்து எடுத்து நீட்ட அந்தக் காகிதம் வேண்டும்.